எருமை ஏறிய அத்தை

எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு வருஷம் உடம்பைக் குறைத்தே தீருவது என்று வைராக்கியம் வந்துவிட்டது. டாக்டர் சொன்னாரா, பெரியம்மா சொன்னாளா, தெரியாது. மதுரைக்குப் போய் ஒரு வெளிநாட்டுச் சைக்கிளை வாங்கி வேனில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார். தடித்த டயர், வளைந்த உடம்பு, கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் விரிந்த ஹேண்டில்பார். கையில் பிரேக் கிடையாது, பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் நிற்கும். பெரியப்பா அதை ஒரு வாரம்கூட ஓட்டவில்லை. திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் சிரித்தார்களாம். அத்தோடு சைக்கிள் எங்கள் கார் ஷெட்டின் மூலைக்குப் போய், சாக்கு போர்த்திக்கொண்டு படுத்துவிட்டது. வீட்டில் அதற்கு எருமை என்று பெயர்.

அதெல்லாம் நான் பிறப்பதற்கு முன்னால். நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோதுதான் எருமை எழுந்தது. எழுப்பியது அத்தை.

அத்தை என்றால் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. கல்யாணமாகி வெளியூர் போயிருந்தவள், ஒருநாள் மத்தியானம் ஒற்றைப் பெட்டியோடு வந்து இறங்கினாள். மாமா வரவில்லை. அப்புறமும் வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு அம்மா என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள், பதில் மட்டும் வைக்கவில்லை. அன்றிலிருந்து அத்தை வாசல் கேட்டைத் தாண்டவில்லை. கோயிலுக்குக்கூட, “கூட்டம் இல்லாத நாளாப் பாத்துப் போய்க்கலாம்” என்பார்கள். அப்படி ஒரு நாள் வந்ததே இல்லை.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு பிரஸ் உண்டு. வெடிப் பெட்டிகளின் மேல் ஒட்டுகிற லேபிள்தான் எங்கள் பிழைப்பு. மயில், கிளி, ரோஜா, கொழுகொழு குழந்தை என்று நாளெல்லாம் அடித்துத் தள்ளுவார்கள். அத்தை அச்சுத்தொழில் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே மெஷின் பக்கத்தில் நின்று கலர் சரியாக விழுகிறதா என்று பார்த்தவள். திரும்பவும் அங்கே போக வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் கேட்டது. பெரியப்பா ஒவ்வொரு தடவையும், “வீட்டுல என்ன குறை உனக்கு?” என்று கேட்டுவிட்டு, சோற்றில் மோரை ஊற்றிக்கொள்வார். கெட்டவர் இல்லை அவர். ஊர் வாய்க்குப் பயந்தவர், அவ்வளவுதான்.

தீபாவளி சீசன் முடிந்து, மார்கழி பிறந்த புதிதில் ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் அத்தை மறுபடியும் கேட்டாள். பேச்சு அதற்குச் சற்று முன்புவரை தெருப் பொங்கல் விளையாட்டைப் பற்றி நடந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவில் பொங்கலன்று ஸ்லோ சைக்கிள் போட்டி நடக்கும். யார் கடைசியாக வருகிறாரோ அவருக்குத்தான் பரிசு. காலைத் தரையில் ஊன்றக்கூடாது, திரும்பக்கூடாது. பெரியப்பாதான் வருஷா வருஷம் ஜெயிப்பவர். தன் பழைய கறுப்புச் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாரென்றால் ஆணி அடித்த மாதிரி நிற்பார். அந்தப் பெருமை நெஞ்சு நிறைய இருந்த நேரத்தில் அத்தை பிரஸ்ஸைப் பற்றிக் கேட்டதும், அவருக்கு நக்கல் வந்துவிட்டது.

“ஒண்ணு செய்யி தாயி. கார் ஷெட்டுல எருமை கெடக்குல்ல? அதுல ஏறி ஸ்லோ சைக்கிள்ல என்னய ஜெயிச்சுக் காட்டு. மறுநாளே பிரஸ் சாவி உன் கையில.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், பெரியவர்கள் சிரிக்கும்போது சும்மா இருக்க முடியுமா? அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

“சொன்ன சொல்லு மாற மாட்டீகள்ல அண்ணே?”

“நான் என்னைக்குத்தா மாறிருக்கேன்?” என்றார் பெரியப்பா, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

மறுநாள் காலை அப்பாவின் கார் வெளியே வேப்பமரத்தடியில் நின்றது. கார் ஷெட்டுக்குள் அத்தை எருமையைக் கவிழ்த்துப் போட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, உப்புத்தாளால் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பல்கூட விளக்காமல் போய் நின்றேன். ஒரு உப்புத்தாளை என் கையில் திணித்தாள். அப்புறம் பொங்கல் வரைக்கும் என் கையில் மண்ணெண்ணெய் வாடைதான். காரின் மேல் காக்காய் எச்சம் விழுந்துகிடப்பதைப் பார்த்து அப்பா தினமும் புலம்பினார். ஆனால் காரை உள்ளே விடு என்று ஒருநாளும் சொல்லவில்லை.

உலகத்தில் எல்லோரும் சைக்கிளைக் கழற்றி மாட்டுவது அது வேகமாக ஓட வேண்டும் என்றுதான். நாங்கள் அது ஓடாமல் இருப்பதற்காகக் கழற்றினோம். முன்னால் இருந்த பெரிய பல்சக்கரத்தை எடுத்துவிட்டு, குழந்தைகள் சைக்கிளில் இருக்குமே, அந்தச் சின்னப் பல்சக்கரத்தைப் போட வேண்டும் என்றாள் அத்தை. அப்போதுதான் முழுச் சுற்று மிதித்தாலும் சைக்கிள் கொஞ்சம்தான் நகருமாம். அவள் கடைக்குப் போக முடியாதே, பழைய சக்கரத்தை ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு நான் போனேன். சைக்கிள் கடை அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏ பாப்பா, அம்புட்டுப் பெரிய வண்டிக்கு இத்தினிக்காணு வீலா? வண்டி நகராதுன்னு உங்க வீட்டுல சொல்லு.”

“நகரக் கூடாதுன்னுதான் அண்ணாச்சி” என்றேன். அவர், இந்தக் குடும்பத்தோடு நமக்கென்ன என்பதுபோல எடுத்துக் கொடுத்துவிட்டார்.

சீட்டை இறக்கினோம். டயரில் காற்றைக் குறைத்துத் தரையோடு பரத்தி உட்கார வைத்தோம். விடியற்காலையில் கார் ஷெட்டுக்கும் கேட்டுக்கும் நடுவில் பயிற்சி நடக்கும். அத்தை ஏறுவாள், விழுவாள், ஏறுவாள். நான் தரையில் குப்புறப் படுத்து அவள் கால் ஊன்றுகிறதா என்று பார்ப்பேன். “ஊனிட்டே!” என்று நான் கத்துவதும், “ஏட்டி, கண்ணை நல்லாத் துடைச்சிட்டுப் பாரு, ஊனவேயில்ல!” என்று அவள் என்னோடு மல்லுக்கு நிற்பதும் தெருமுனை வரைக்கும் கேட்கும். முழங்கை, முழங்கால் எல்லாம் சிராய்ப்பு. அம்மா முதலில், “இதெல்லாம் நமக்குத் தேவையா?” என்று சண்டை பிடித்தாள். அடுத்த வாரம் தேங்காய் எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்கடுத்த வாரம், “நேத்தைக்கு இன்னும் கொஞ்ச நேரம் நின்னியே, இன்னைக்கு என்ன?” என்று அத்தையையே அதட்டினாள்.

அலங்காரம் என் பொறுப்பு. பிரஸ்ஸில் கலர் சரிபார்க்க ஒரே தாளைத் திரும்பத் திரும்ப மெஷினில் விடுவார்கள். அந்த வேஸ்ட் ஷீட்டில் மயில் மேல் ரோஜா, ரோஜா மேல் குழந்தை, குழந்தை மேல் இன்னொரு மயில் என்று எல்லாம் அடித்துப் பிடித்துக்கொண்டு கிடக்கும். எனக்கு நல்ல லேபிளைவிட அதுதான் பிடிக்கும். அப்பா ஒரு கட்டு கொண்டுவந்து தந்தார். பொங்கலுக்கு முதல் நாள் மைதாப் பசை காய்ச்சி, எருமையின் உடம்பெங்கும் ஒட்டி முடித்தோம். இதில்தான் ஒரு தப்பு நடந்தது. எங்கள் ஊரில் பசை காய்ச்சுகிறவர்கள் அதில் மயில்துத்தம் போடாமல் இருக்க மாட்டார்கள். நீலமாக, கல்லு மாதிரி இருக்கும். விஷம், எலி அண்டாது. அம்மாவோ, “சோத்துப் பானை இருக்கிற அடுப்பில விஷத்தக் கொண்டாந்து வைக்காதீக” என்று சொல்லிவிட்டாள். சரி, ஒரு ராத்திரிதானே என்று அத்தையும் விட்டுவிட்டாள். லேபிள் ஒட்டியே பிழைக்கிற குடும்பம், துத்தம் இல்லாத பசையால் ஒட்டியது!

காலையில் போய்ப் பார்த்தால், இந்தப் பக்கம் மயிலுக்குக் கால் மட்டும்தான் இருந்தது. குழந்தைக்கு ஒரு கன்னம் இல்லை. ஷெட்டில் இருந்த எலிகள் அத்தனையும் எங்களுக்கு முன்னாலேயே பொங்கல் கொண்டாடிவிட்டுப் போயிருந்தன. நான் ஓவென்று அழுதேன். அத்தை சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“அழாதட்டி. டயரத் தின்னுச்சா? செயினத் தின்னுச்சா? பெறகென்ன!” என்று சொல்லி என் முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டு, அப்படியே கேட்டைத் திறந்து எருமையை உருட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டாள். அவள் அந்தக் கேட்டைத் தாண்டியதை நான் அப்போது கவனிக்கக்கூட இல்லை. மயிலையே நினைத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

தெருவில் சுண்ணாம்பில் இந்த முனையில் ஒரு கோடு, அந்த முனையில் ஒரு கோடு. சைக்கிளோடு நின்றவர்கள் எல்லாரும் ஆண்கள். அத்தை போய் நின்றதும் கூட்டம் மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. யாரோ ஒரு பெரியவர் என்னமோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பெரியம்மா, எங்கள் வீட்டுப் பெண்களிலேயே வாய் திறக்காத பெரியம்மா, “பொம்பளைக ஏறக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே?” என்று கூட்டத்துக்கு நடுவிலிருந்து சத்தமாகக் கேட்டாள். பெரியப்பா தன் மனைவியைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! விசில் ஊதிவிட்டார்கள்.

கியர் சைக்கிள் வைத்திருந்த காலேஜ் பையன் ஏறின வேகத்தில் விழுந்தான். இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். ஒருவர் பொறுமையில்லாமல் மிதித்து முன்னால் போய்விட்டார். பாதித் தெரு வரும்போது மிஞ்சியது அண்ணனும் தங்கையும்தான். பெரியப்பா ஒரு முழம் பின்னால் இருந்தார். அப்படியே போனால் ஜெயம் அவருக்கு. அம்மா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

பெரியப்பாவின் வித்தை பாதி காலில், பாதி வாயில். பக்கத்தில் வருபவனைச் சிரிக்க வைத்தே கீழே தள்ளிவிடுவார். ஆரம்பித்தார்.

“தாயி, வீட்டுல அடுப்ப அணைச்சியா?”

அத்தை கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மயிலு எங்கத்தா? காலு மட்டும் வந்துருக்கு!”

தெருவே சிரித்தது. அத்தையின் சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் விழவில்லை. தலையைத் திருப்பாமலே, சத்தமாக, மரியாதையாகக் கேட்டாள்.

“அண்ணே, எருமைக்குப் பின்னால எம்புட்டு நேரமா நிக்கிறீக? வேட்டி புதுசாச்சே, சாணி போட்டுறப் போகுது!”

பெரியப்பாவுக்குச் சிரிப்பு முதலில் வயிற்றில்தான் கிளம்பும். வயிறு குலுங்கியது. அடக்கினார். கன்னம் உப்பியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வெடித்துச் சிரித்தார் பாருங்கள், தெருக் கடைசி வரைக்கும் கேட்டிருக்கும். சைக்கிள் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். இரண்டு காலும் தரையில்.

“ஊனிட்டாரு! பெரியப்பா ஊனிட்டாரு!” கத்தியது நான்தான். என் தொண்டை கிழிந்தே போயிருக்க வேண்டும்.

இனி அத்தை கோட்டைத் தொட்டால் போதும். ஆடாமல், அசையாமல், அதே எருமை நடையில் வந்தாள். முன்டயர் கோட்டைத் தாண்டியது, பின்டயரும் தாண்டியது. அம்மா அழுதாள், பெரியம்மா குலவை போட்டாள், பையன்கள் விசிலடித்தார்கள். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து உயரத் தூக்கி ஆட்டியபடி சிரிப்போடு வந்தார். “இந்தா தாயி, வாங்கிக்கோ!” என்றார்.

அத்தை நிற்கவில்லை. வேகமாக மிதிக்க ஆரம்பித்தாள். அந்தச் சின்னப் பல்சக்கரத்தில் வேகமாகப் போவது லேசா? கால்கள் தையல் மிஷின் மாதிரி பறந்தன. தெருமுனை டீக்கடையைத் தாண்டி, ஆனைக்குட்டம் டேமுக்குப் போகிற ரோட்டில் திரும்பி, போயே போய்விட்டாள். பரிசு எவர்சில்வர் அண்டாவை என் கையில் கொடுத்திருந்தார்கள். அதையும் தூக்கிக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். “அத்தே! கோடு தாண்டியாச்சு! ஜெயிச்சாச்சு! நில்லு!” முனைவரைக்கும் ஓடிப் பார்த்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் வந்தாள். தலையெல்லாம் புழுதி, சுடிதார் ஓரம் ஈரம். டேமில் தண்ணீர் நிறையக் கிடக்கிறது என்றாள். வாசலிலேயே உட்கார்ந்திருந்த பெரியப்பா சாவியைக் கையில் கொடுத்து, “திங்கக்கிழமை நேரத்துக்கு வந்துரணும். லேட்டா வந்தா தங்கச்சின்னு பாக்க மாட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எனக்குத்தான் ஆற்றாமை. அவ்வளவு பெரிய கோடு! சுண்ணாம்பு மூடையையே கொட்டிப் போட்ட கோடு! அது எப்படிக் கண்ணில் படாமல் போகும்? அன்றைக்குப் படுக்கப் போகுமுன் அப்பாவிடம் ரகசியமாகச் சொன்னேன், அத்தைக்குக் கண் தெரியவில்லை, சீக்கிரம் கண்ணாடி போட வேண்டும் என்று. அப்பா என் தலையைத் தடவிக்கொண்டே, “ஆமாத்தா, கூட்டிட்டுப் போயிருவோம்” என்றார்.

கூட்டிக்கொண்டு போகவே இல்லை. அதற்காக அவர்மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது.