கரை நகர்ந்த படம்

எங்கள் தோட்டத்தை ஒட்டி ஈயம் தோண்டும் லம்பம் ஒன்று இருந்தது. ஈப்போ பக்கத்து லகாட் ஊரிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையின் ஒரு பக்கம் ரப்பர் மரங்கள், மறுபக்கம் அந்தப் பள்ளம். பெரிய குழாயில் தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கரையைக் கரைப்பார்கள். கரைந்த சேற்றைப் பம்பு வைத்து மேலே இழுத்து, அதிலிருந்து ஈயத்தைப் பிரிப்பார்கள். காலையில் தொடங்கும் பம்புச் சத்தம் அந்தி வரைக்கும் ஓயாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஈப்போவில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்தேன். பிலிம் கழுவுவது, படம் போடுவது, கல்யாண ஆல்பம் ஒட்டுவது எல்லாம் என் வேலை. ஞாயிறு தோறும் பஸ் ஏறி அம்மாவைப் பார்க்க வருவேன். அம்மா பால்மரம் வெட்டி, ரப்பர்ப் பால் இறக்கிக்கொண்டு, லயத்து வரிசை வீடு ஒன்றில் தனியாக இருந்தாள். அதே வரிசையின் கடைசி வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். புருஷன் போன பிறகு தோட்டத்தில் களை எடுத்து, நாலைந்து ஆடு வளர்த்துப் பிழைத்தவள். பள்ளம் நெருங்குவதை முதலில் பார்த்தவள் அவள்தான்.

“கரை கிட்ட வருதுடி. போன தீவாளிக்கு ஆடு கட்டுன எடம் இப்ப இல்ல.”

அம்மாவும் அக்காவும் நானும் மேனேஜரிடம் போனோம். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

“லம்பத்துக்காரன் எல்லைக் கல்லைத் தாண்டல. பயமா இருந்தா வீட்டைக் காலி பண்ணிட்டுப் போங்க. மாத்து வீடெல்லாம் கெடையாது.”

“நான் பொறந்ததே இந்த லயத்துல தொரை,” என்றாள் அம்மா. “போற ஆளு நான் இல்ல.”

“அப்ப பேசாம இருங்க.”

பேசாமல்தான் வெளியே வந்தோம். ஆனால் அடுத்த ஞாயிறு ஸ்டூடியோவின் பழைய கேமரா ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். குழாயடியில் இடுப்புயரச் சிமெண்டுத் தூண் ஒன்று உண்டு. இடம் மாறாமல் இருக்க அதன் தலையில் ஆணியால் கட்டம் கிழித்து, கேமராவை அந்தக் கட்டத்துக்குள் உட்கார வைத்தேன். அக்கா வீட்டின் மூலை, பக்கத்தில் முருங்கை மரம், அதற்கப்பால் கரை. இவை மூன்றும் தெரிகிற மாதிரி ஒரு படம். ஊருக்கு வந்த ஒவ்வொரு ஞாயிறும் அப்படி ஒரு படம் எடுத்தேன். கல்யாண ரோல்களின் கடைசியில் மிஞ்சும் பிலிம்தான். ஸ்டூடியோ முதலாளியை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு அது தெரியும். திட்டுவார், தடுக்கமாட்டார்.

ஒரு வருஷத்துக்கு மேல் போன பிறகு, படங்களை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் மறுபடி போனோம். அவர் அடுத்தடுத்த வாரப் படங்கள் இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“எங்க வித்தியாசம்? காட்டு.”

எனக்கே தெரியவில்லை. முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் எடுத்து நீட்டினேன். அதில் கரை பாதியாகிப் போயிருந்தது. அவர் சிரித்தார்.

“நீ நிக்கிற எடத்தை மாத்தி எடுத்திருப்ப. படம் எடுக்கிற பொண்ணுக்கு இது தெரியாதா?”

ஆபீசில் கணக்கெழுதும் கிராணிகளும் சிரித்தார்கள். பஸ்ஸில் ஈப்போ திரும்பும்போது படங்களை மறுபடி வரிசையாக அடுக்கினேன். அழுகை வரவில்லை. அந்த மனிதனுடைய வாயை ஒரு தரமாவது அடைக்க வேண்டும் என்பது மட்டும் மனசில் நின்றது.

மாவட்ட நில அலுவலகத்துக்கு அக்கா நடையாக நடந்ததில், ஓர் அதிகாரி வந்து பார்ப்பதாக ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை வருவார் என்று தோட்டத்து ஆபீசில் எங்களுக்குச் சொன்னார்கள். ஆனால் புதன்கிழமை காலை, நான் ஈப்போவில் ஸ்டூடியோவைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தபோது, அக்கா பஸ் இறங்கி மூச்சு வாங்க வந்து நின்றாள்.

“பொய் சொல்லிட்டானுங்கடி. ஆபீசரு இன்னிக்கே வாராராம். மத்தியானம் கிளப்புல சாப்பாடு. நம்மள ஏமாத்தி அனுப்பிடப் பாக்குறானுங்க.”

படங்களை மட்டும் கொண்டுபோனால் மேனேஜர் பழைய பேச்சைத்தான் பேசுவார். எல்லாப் படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வீடியோவில் ஓட்டிக் காட்டினால் என்ன என்று தோன்றியது. கடையில் புதிதாக ஒரு வீடியோ கேமரா வாங்கியிருந்தார்கள். தோட்டத்துக் கிளப்பில் டிவியும் வீடியோ பெட்டியும் இருந்தன.

அண்ணனிடம் கேட்டேன்.

“அது கல்யாணத்துக்கு வாங்குனது. நீ தொடாத.”

“அண்ணே, நாளைக்கு என்னை வேலைய விட்டு நிறுத்திடுங்க. இன்னிக்குக் கேமராவைக் குடுங்க.”

“என்ன திமிரு உனக்கு!”

“திமிருதான் அண்ணே. குடுங்க.”

அவர் என்னையும், கதவோரம் சேறு படிந்த காலோடு நின்ற அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார்.

ஒவ்வொரு படமாகச் சுவரில் வைத்து, கேமராவை ஓட விட்டு, நிறுத்தி, அடுத்ததை வைத்துப் பிடித்தேன். ஓட்டிப் பார்த்தால் கண்றாவியாக இருந்தது. நிறுத்தின இடத்திலெல்லாம் திரையில் கோடும் புள்ளியுமாகப் பறந்தது. ஒவ்வொரு படமும் வெகுநேரம் நின்றது. அடுத்தது வருவதற்குள் முந்தினது மறந்துபோனது. மேனேஜர் மேசைமேல் வைத்த இரண்டு படங்களைப் போலவேதான் இருந்தது. அதிலேயே பாதிக் காலை போய்விட்டது.

எரிச்சலில் படங்களை அடுக்கி மேசையில் தட்டி, சீட்டுக்கட்டைப் போலக் கட்டை விரலால் ஓரத்தைச் சரசரவென்று விட்டேன். எதிரே நின்ற அக்கா கத்தினாள்.

“ஏய்! மண்ணு நடக்குதுடி!”

மறுபடி விட்டேன். ஆமாம், நடந்தது. வீடு லேசாக ஆடியது, மரம் ஆடியது, ஆனால் கரை மட்டும் அவற்றை நோக்கி நகர்ந்து வந்தது.

அதற்குப் பிறகு கை தன்பாட்டில் வேலை செய்தது. அக்கா தேதிவாரியாகப் படங்களை எடுத்துக் கொடுத்தாள். வீட்டு மூலை எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் வரும்படி நான் ஓரங்களை வெட்டினேன். அடுக்கின் ஒரு பக்கத்தை இரும்புக் கிளிப்பால் இறுக்கினேன். பளபளப்புத் தாளில் விளக்கு மின்னியதால் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். கேமராவை நிறுத்தாமல் ஓடவிட்டு, மெதுவாக ஒரு தரம், வேகமாக ஒரு தரம், கை வலிக்கும்வரை திரும்பத் திரும்பப் படங்களைப் புரட்டினேன்.

அண்ணன் வந்து பின்னால் நின்று பார்த்தார்.

“விரல் தெரியுதே. இது என்ன வீடியோ?”

“என் விரல்தான் அண்ணே. தெரியட்டும்.”

அவர் கேசட்டை அதன் உறையில் போட்டு, “வேனை எடுக்குறேன். பஸ்ஸுல போனா சோறு முடிஞ்சு ஏப்பம் விட்டுட்டு ஆபீசரு போயிருப்பாரு,” என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பால் எடை போட்டு முடித்த பெண்கள் கிளப்பு வாசலில் கூடியிருந்தார்கள். அம்மா முன்னால் நின்றாள். உள்ளே மேனேஜரும் கிராணிகளும் அதிகாரியும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன்.

“இது ஸ்டாஃப் கிளப். லயத்து ஆளுங்களுக்கு இல்ல,” என்றார் மேனேஜர்.

“தெரியும் சார்.”

அதிகாரி மலாய்க்காரர். அவரிடம் மலாயில், ஒரு நிமிஷம் போதும், பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். அவர் தலையாட்டினார். கேசட்டைப் போட்டேன். திரையில் முதலில் என் விரல் வந்தது. ஒரு கிராணி சிரித்தார். பிறகு கரை நகரத் தொடங்கியது, சிரிப்பு நின்றது.

“செக்காலி லாகி,” என்றார் அதிகாரி. இன்னொரு முறை.

ஓட்டினேன். மேனேஜர் குறுக்கிட்டார். “இந்தப் பொண்ணு எடத்தை மாத்தி மாத்தி எடுத்திருக்கு. அதான் அப்படித் தெரியுது.”

“எடத்தை மாத்தினா வீடும் சேந்துதானே சார் நகரணும்? மரமும் நகரணுமே?” என்றேன். அதையே மலாயில் திருப்பி அதிகாரியிடம் சொன்னேன். “அது ரெண்டும் நின்ன எடத்துல நிக்குது. மண்ணு மட்டும் ஏன் வருது?”

மேனேஜர் வாய் திறக்கவில்லை. அதிகாரி எழுந்தார். காரில் ஏறுவார் என்று நினைத்தோம். அவர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு லயத்தை நோக்கி நடந்தார். அக்கா வீட்டுப் பின்கட்டுக்குப் போய், கரையோரம் நின்று எட்டிப் பார்த்தார். அவர் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு கட்டி மண் பெயர்ந்து விழுந்து, கீழே தண்ணீரில் சத்தம் கேட்டது. சட்டென்று பின்வாங்கி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதிகாரியின் உத்தரவில் அந்த வாரமே பம்பு நின்றது. ஆனால் நின்ற பம்பு கரையைக் கட்டிக் கொடுத்துவிடுமா? மழை பிடித்துக்கொண்டது. மாற்று வீடு கேட்டதற்கு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் மேனேஜர். அம்மா மறுநாள் வேலை முடிந்ததும் பாயும் பானையும் தூக்கிக்கொண்டு கிளப்புக்குள் போய் உட்கார்ந்தாள். அக்கா ஆடுகளோடு வந்தாள். அந்த வரிசைக் குடும்பங்கள் எல்லாம் பின்னால் வந்தன. டிவிக்கு முன்னால் தொட்டில் கட்டினார்கள்.

மேனேஜர் ஓடி வந்தார். “எல்லாரும் வெளியே போங்க. போலீசக் கூப்புடுவேன்.”

“கூப்புடுங்க தொரை,” என்றாள் அம்மா, அடுப்பை ஊதிக்கொண்டே. “வந்தா அவுங்களுக்கும் சேத்து ஒல வைக்கிறேன்.”

போலீஸ் வந்தது. வந்தவர்கள் ஈரமான பாய்களையும் குழந்தைகளையும் பார்த்தார்கள், அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தார்கள், போய்விட்டார்கள். அந்த மழையிலேயே அக்கா வீட்டுப் பின்சுவர் பள்ளத்துக்குள் சரிந்தது. உள்ளே யாரும் இல்லை. செய்தி கேட்டு அக்கா ஆடுகளைக் கணக்குப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு மாற்று வீட்டுக்கு அடுத்த வருஷம்வரை காத்திருக்க யாரும் சொல்லவில்லை. சாலையோர மேட்டில் பலகை வீடுகள் ஒரு வரிசை எழுந்தன. சாவி கொடுக்க ஒரு விழா வைத்தார்கள். பந்தல் போட்டு, மேனேஜருக்கு மாலை போட லயத்துப் பெண்கள் வரவேண்டும் என்று கிராணி வந்து சொன்னார். தொரையின் பெரிய மனசுக்கு நன்றி சொல்ல வேண்டுமாம்.

“எந்தப் பெரிய மனசு அது?” என்று கேட்டாள் அக்கா.

விழாவன்று காலை பெண்கள் எல்லாரும் வழக்கம்போல வேலைக்குப் போனார்கள். அம்மா தனக்கு ஒதுக்கிய நிரையில் மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் கூடப் போய், பால் வடியும் மங்குகளைத் துடைத்துக் கொடுத்தேன். பந்தலில் ஒலிபெருக்கி யாரையோ அழைத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் மாலையைக் கிராணியே போட்டாராம். மத்தியானம் பால் எடை போட்டுவிட்டு, கத்தியை இடுப்பில் செருகியபடி அம்மா ஆபீசுக்குப் போய்ச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.