சாரத்தைக் காணவில்லை

சுவிஸில், ஆரா நகரில் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலம். ஞாயிறன்று வெளியே உடுப்புக் காயப்போடக்கூடாது என்ற அந்த ஊர் வழக்கம் தெரியாமல், வீட்டில் இடுப்பில் கட்டுகிற சாரத்தைப் பல்கனியில் காயப்போட்டேன். மறுநாள் சாரத்தைக் காணவில்லை. நான் செய்த குற்றத்துக்குச் சாட்சியாகப் பொலிஸார் எடுத்துவிட்டார்கள் என்றது மனம்.

மாலையில் கதவு தட்டப்பட்டது. துவாரத்தால் பார்த்தேன். கீழ்வீட்டுச் சுவிஸ் அம்மா! முறைப்பாடு, பொலிஸ், விமானம் என்று எண்ணம் ஓடியது. கட்டிலுக்குப் பின்னால் பதுங்கி, அறைத்தோழன் சிவாவைக் கூப்பிட்டேன்.

“சிவா, திருப்பி அனுப்பப் போறாங்களடா!”

“கொழும்புக்குப் பிறகு போங்கோ அண்ணை. மனுசி வாசல்ல நிக்குது” என்று சிவா கதவைத் திறந்தான்.

காற்றில் கீழே விழுந்த சாரத்தை அந்த அம்மா தோய்த்து, அயர்ன் பண்ணி, மடித்துக் கொண்டுவந்திருந்தார். என்னிடம் வந்த நாளிலிருந்து அயர்னையே கண்டிராத சாரம் அது.

இப்போது யாராவது கதவைத் தட்டி, மனம் விமானம்வரை ஓடினால், “இது நடந்ததோ, நான் நினைச்சதோ?” என்று என்னையே கேட்கிறேன். அநேகமாக நினைத்ததுதான். பிறகு நானே போய்க் கதவைத் திறக்கிறேன்.