உள்ளேன் டீச்சர்

வருகைப் பதிவேட்டில் இருந்த அந்தச் சிறுமியின் பெயரை மூன்று முறை கூப்பிட்டேன். முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள்; "உள்ளேன் டீச்சர்" என்று மட்டும் சொல்லவில்லை. மேசையைத் தட்டி, "காது கேக்கலியா?" என்று கத்தினேன். சட்டென்று பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

அடிவாரத்து ஊரில் நடந்த கலவரத்தில் வீடு எரிந்து, மலையேறி வந்த குடும்பம். மரவள்ளிக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த அவள் அம்மாவிடம் சாயங்காலம் போய்ப் புகார் சொன்னேன்.

"அன்னிக்கு ஊட்டுக்கு வெளியில நின்னு பேரைச் சொல்லித்தானுங்க கூப்பிட்டாங்க. உள்ள இருக்கோம்னு சொல்லிறாத கண்ணுன்னு நாந்தான் இவ வாயப் பொத்துனேனுங்க டீச்சர்."

மறுநாளிலிருந்து முகங்களைப் பார்த்தே வருகையைக் குறித்தேன். காரணத்தை யாருக்கும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஆய்வுக்கு வந்த அதிகாரி பதிவேட்டை வாங்கி, தானே ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆரம்பித்தார். அவள் பெயரும் வந்தது. அவள் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்தாள்.

"உள்ளேன் ஐயா!"

குரல் பின்னாலிருந்து வந்தது. அவளுடையது அல்ல.

அதிகாரி நிமிர்ந்தார். "யார் அது?"

வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.