இடப்பக்கம் திரும்பிய படிக்கட்டு

பல் மருத்துவரின் புதுக் கட்டடத்தில் படிக்கட்டு எழும்பி, கான்கிரீட் இறுகி, பலகையைப் பிரித்த அன்றுதான் அவர் மனைவியோடு பார்க்க வந்தார்.

"இது ஏம்மா இடப்பக்கம் திரும்புது? வலப்பக்கம்னுதானே முடிவு பண்ணோம்?" என்று சைட் என்ஜினியரைக் கேட்டார் மருத்துவர்.

அவளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. படித்து முடித்ததிலிருந்து சிமெண்ட் தூசியிலேயே காலம் தள்ளுகிறவள்; மேஸ்திரி முதல் தண்ணீர் ஊற்றுகிறவர் வரை எல்லோருக்கும் அக்கா. தகர ஷெட்டுக்கு ஓடிப்போய் இரண்டு வரைபடங்களை விரித்தாள். ஆர்க்கிடெக்ட் போட்டதில் படி வலப்பக்கம். கம்பி கட்டுவதற்காக ஸ்ட்ரக்சர் என்ஜினியர் போட்டதில் இடப்பக்கம். அவள் கம்பி வரைபடத்தைப் பார்த்துத்தான் கட்டினாள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று யார் பார்த்திருக்க வேண்டும்? தானா?

ஸ்ட்ரக்சர் என்ஜினியருக்கு ஃபோன் போட்டாள். "ஆர்க்கிடெக்ட்தாம்மா மாத்தச் சொன்னாரு. புது வரைபடம் அப்புறம் அனுப்புறேன்னாரு."

அடுத்து ஆர்க்கிடெக்டைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். அவர், "நானா மாத்துனேன்? டாக்டர் வீட்டம்மாதான் இடப்பக்கம் இருந்தா வெளிச்சம் வரும்னாங்க" என்றார்.

அந்தம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார். "வெளிச்சம் வருமான்னு கேட்டேன். ஆர்க்கிடெக்ட் 'ம்'னாரு. அவ்வளவுதான்."

மருத்துவர் மனைவியைப் பார்த்தார். மனைவி படிக்கட்டைப் பார்த்தார்.

"அக்கா, உடைக்கவா வேணாமா? அத மட்டும் சொல்லுங்க. ஆளுங்க சும்மா நிக்கிறாங்க" என்றார் மேஸ்திரி.

மருத்துவர் மேலே ஏறிப்போய் நின்றார். வெளிச்சம் நன்றாகத்தான் வந்தது. "இருந்துட்டுப் போகட்டும்."

எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஆனால் படி போய் முட்டுகிற இடத்தில் கழிப்பறைச் சுவர். சுவரை இடித்தாக வேண்டும். குழாயையும் மாற்ற வேண்டும். ஒப்பந்தத்தில் இல்லாத அந்த வேலைக்குக் காரணம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியது அவள் பொறுப்பு.

'உரிமையாளர் விருப்பம்' என்று எழுதினாள். மருத்துவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். 'வரைபடப் பிழை' என்றாள்; ஆர்க்கிடெக்ட் முகம் சுளித்தார். கடைசியில், 'படிக்கட்டு இடப்பக்கம் திரும்பியதால்' என்று எழுதினாள். படிக்கட்டு தானாகவே திரும்பிக்கொண்ட மாதிரி. மறுபேச்சில்லாமல் எல்லோரும் கையெழுத்திட்டார்கள்.

தப்பு தன்னுடையதா இல்லையா என்பது அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. வேலையிடத்தில் யார் வாய் திறந்தாலும், "கேக்குறீங்களா, சொல்றீங்களா?" என்று விசாரித்துக்கொள்கிறாள். பாதிப் பேருக்குத் தாங்கள் எதைச் செய்கிறோம் என்று தெரிவதில்லை.