சபா வாசலில் ஜோடு காத்த மஸ்தான் பாய்

போன வாரம் ஒரு காலை நேரம். மயிலாப்பூர்க் குளக்கரையில் நானும் அம்மாவும் பூக்கட்டிக்கொண்டிருந்தோம். மஸ்தான் பாயின் மருமகன் யூசுப், டிராமிலிருந்து இறங்கி நேராக எங்களிடம் வந்தார். வழக்கமாகத் தூரத்திலேயே கை ஆட்டுகிறவர், அன்று ஆட்டவில்லை.

"மாமா விடியக்காலைல மவுத்தாயிட்டாரு அக்கா. மொதல்ல உங்களாண்ட சொல்லிட்டு வரச் சொன்னாங்க மாமி" என்றார்.

அம்மா கையிலிருந்த சரத்தை முடிச்சுப் போடாமலே கூடையில் வைத்தாள். அன்று அதற்குமேல் நாங்கள் பூக்கட்டவில்லை.

எங்கள் தெரு வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகைக்கு அவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் எதிரில் பேச வராது. ஆனால் சபா வாசலில் அவருக்குப் பக்கத்திலேயே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தவள் என்பதால், பார்த்ததை எழுதுகிறேன்.

எங்கள் சபா ஓலைக் கொட்டகைதான். சனிக்கிழமைதோறும் கச்சேரி நடக்கும். உள்ளே போகிறவர்கள் ஜோட்டை வாசலில் கழற்றி விட்டுப் போகவேண்டும். கச்சேரி முடிந்து வந்தால் சிலருக்குத் தங்களுடையது இருக்காது; சிலருக்கு அதைவிட நல்லதாக ஒன்று இருக்கும். இந்தச் சண்டை தாங்காமல் காரியதரிசி ஒரு காவல்காரரைத் தேடியபோதுதான் மஸ்தான் பாய் வந்து சேர்ந்தார். திருவல்லிக்கேணிக்காரர். மவுண்ட் ரோட்டில் ஒரு பூட்ஸ் கடையில் பல வருஷம் தைத்தவர். கடைக்காரர் சீமைக்குப் போய்விட்டதால் வேலை இல்லாமல் இருந்தார்.

முதல் நாளே பழைய சீட்டுக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு சீட்டையும் இரண்டாகக் கிழித்து, பாதியை ஜோட்டுக்குள் செருகுவார், பாதியை உடையவர் கையில் கொடுப்பார். திரும்பி வந்ததும் இரண்டு பாதியும் கிழிசலில் பொருந்தவேண்டும். பெரிய பெரிய வக்கீல்களெல்லாம் அரை ராணியையும் அரை ராஜாவையும் கையில் வைத்துக்கொண்டு கச்சேரி கேட்டார்கள்.

காவலோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திருக்காது. தையல் விட்ட ஜோட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. உள்ளே பாட்டு ஆரம்பித்ததும் இடுப்பிலிருந்து குத்தூசியும் மெழுகு நூலும் வெளியே வரும். பிரிந்த வாரைத் தைப்பார். தேய்ந்த குதிகாலில் ஒரு துண்டுத் தோல் வைத்து அடிப்பார். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கத் தொடங்கினால் ஊசியை வைத்துவிட்டுப் பிரஷ்ஷை எடுப்பார். மங்களம் பாடுவதற்குள் எல்லா ஜோடும் வரிசையில் நிற்கும். இதைச் செய்ததாக யாரிடமும் சொல்லமாட்டார். தங்கள் ஜோடு இப்போதெல்லாம் சீக்கிரம் கெடுவதில்லை என்று மட்டும் சிலர் நினைத்துக்கொண்டார்கள்.

"இன்னா பாய், பிரஷ்ஷாலயே தாளம் போடறே. உள்ள வாசிக்கிறவருக்குப் போட்டியா?" என்பாள் அம்மா.

"அவருக்கு சால்வை போடுவாங்க தங்கச்சி. நமக்குத் தூசி போடுவாங்க. அவ்ளோதான் வித்தியாசம்" என்பார்.

காரியதரிசிக்கு இது பிடிக்கவில்லை. "உன்னைக் காவலுக்குத்தான் வெச்சிருக்கு மஸ்தான். ஊரார் சொத்தைத் தொடப்படாது" என்று ஒரு தடவை கண்டித்தார்.

"தொடாம எப்டி சார் காக்கிறது?" என்றார் பாய். காரியதரிசி போன பிறகு ஊசியை மறுபடி எடுத்துக்கொண்டார்.

ஓர் ஐப்பசி மாதம், மழை விட்ட சாயங்காலம், கோபாலபுரத்திலிருந்து ஒரு டாக்டர் கச்சேரிக்கு வந்தார். அவருடைய பூட்ஸ் நடக்கும்போது கிரீச் கிரீச்சென்று கத்தியது. நிறம் இன்னதென்று சொல்லமுடியாதபடி சாம்பல் பூத்திருந்தது. முனையில் அடித்தோல் வாய் பிளந்திருந்தது. பாய் அதை எடுத்து மோந்து பார்த்தார்.

"சீமைத் தோலு பாப்பா இது. இத்துக்குப் போய் தேங்காயெண்ணெய் தடவிக் கீறாங்க. இது இன்னா தலைமுடியா?" என்று என்னிடம் சொன்னார்.

அன்று அவர் வேறு எந்த ஜோட்டையும் தொடவில்லை. சேற்றைச் சுரண்டினார். ஈரத்துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துக் காற்றில் ஆறவிட்டார். வாய் பிளந்த இடத்தைப் பொடித் தையலாகத் தைத்தார். பிறகு துணியை விரலில் சுற்றிக்கொண்டு, மெழுகைத் தொட்டுத் தொட்டு வட்டவட்டமாகத் தேய்த்தார். அடியிலிருந்து காப்பிக்கொட்டை நிறம் மேலே வந்தது. கச்சேரி முடியும்போது அது வாசல் விளக்கில் பளபளத்தது. பாய் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு நின்றார். டாக்டர் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

டாக்டர் அரைச் சீட்டை நீட்டினார். பாய் பூட்ஸை எடுத்து வைத்தார்.

"இது என்னோடது இல்லை" என்றார் டாக்டர்.

பாய் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. எல்லோரும் போய், அந்த ஒரு ஜோடிதான் மிச்சம் இருந்தது.

"சீட்டு பொருந்துது பாருங்க சார்."

"சீட்டை எதுல வேணாலும் செருகலாம். என்னோடதை யாருக்குக் கொடுத்தே?"

"கால வுட்டுப் பாருங்க சார், தெரிஞ்சுபூடும்."

"சொறியும் சிரங்கும் தினம் பார்க்கிறவன் நான். ஊரான் ஜோட்டுல காலை விடுவேனா?"

அம்மா எழுந்து, "நான் பார்த்துக்கினே இருந்தேங்க. உங்களுதுதான் அது. பாய்தான் தொடச்சாரு" என்றாள்.

"நீங்களெல்லாம் ஒரே வாசல். ஒருத்தருக்கொருத்தர் சொல்லத்தான் சொல்லுவேள்" என்றார் உள்ளேயிருந்து வந்த காரியதரிசி. பிறகு பாயிடம், "நாளைச் சாயங்காலத்துக்குள்ளே டாக்டர் ஜோடு வந்து சேரணும். இல்லேன்னா இந்த வாசலை மறந்துடு" என்றார். டாக்டர் வெறுங்காலோடு வண்டி ஏறினார்.

பாய் அந்தப் பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"வேல போனா போவுது தங்கச்சி. திருடன்னு பேரு வெச்சுக்கினு இனிமே எந்த வாசல்ல போய் உக்காருவேன்? காவல்காரன்கிட்ட அது ஒண்ணுதானே கீது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "தப்பு என்னுதுதான். கேக்காம தொட்டேன்" என்றார்.

டாக்டர் வீட்டுக்குத் தினமும் பூ கொடுப்பவர்கள் நாங்கள்தான். மறுநாள் காலை பாயும் எங்களோடு வந்தார். பூட்ஸைத் துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தார். டாக்டர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பாயைப் பார்த்ததும், "கிடைச்சுதா?" என்றார். பாய் துணியை விரித்தார். டாக்டர் முகம் சுளித்தார். "மறுபடி அதையே எடுத்துண்டு வந்திருக்கியே" என்றார்.

பூ வாங்க வந்த டாக்டர் வீட்டம்மாள் அப்போதுதான் அதைப் பார்த்தார். கையில் பூவோடு அப்படியே நின்றுவிட்டார்.

"ஏன்னா, இது நம்ம கமலா கல்யாணத்துக்கு நீங்க வாங்கிண்டதுன்னோ?"

"என்ன உளர்றே? அது இப்படியா இருக்கும்?"

"அன்னிக்கு இப்படித்தான் இருந்தது. சம்பந்தியாத்துல எல்லாரும் உங்க காலையே பார்த்தாளே, மறந்துட்டேளா? நீங்கதான் இத்தனை வருஷத்துல அதைப் பாழாக்கிட்டேள்."

டாக்டர் பேப்பரை மடித்து வைத்தார். மெல்ல எழுந்து வந்து, வலது காலின் நுனியை மட்டும் விட்டுப் பார்த்தார். பிறகு முழுக்க விட்டார். இரண்டையும் போட்டுக்கொண்டு வாசலுக்கும் கிணற்றடிக்கும் ஒரு நடை நடந்து வந்தார்.

"சத்தத்தைக் காணோமே?" என்றார்.

"உள்ள ரெண்டு தோலு ஒரசிக்கினு கெடந்துச்சு சார். நடுவுல மெழுகு வெச்சேன்."

"அந்தச் சத்தம் இல்லாததும் ஒண்ணு. நான் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பேன்?" என்றார் டாக்டர், பாதிக் கோபத்தோடு.

"எனக்குத்தான் கஷ்டம். இனிமே நீங்க வர்றது தெரியாது. பின்கட்டுல நிம்மதியா ரெண்டு வார்த்தை பேச முடியாது" என்றார் வீட்டம்மாள். பாய் வாய்விட்டுச் சிரித்தார். முந்தின நாளிலிருந்து அவர் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது.

அடுத்த சனிக்கிழமை டாக்டர் கச்சேரிக்கு முன்னதாகவே வந்து, வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் தம் காலைக் காட்டினார். காரியதரிசியிடமும் காட்டினார். "திருடினது என் கண்ணு, அவர் கை இல்லை" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

அதற்குப் பிறகு பாய் கேட்டுவிட்டுத்தான் தொடுவார். ஆனால் கேட்கவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. வீட்டில் நல்ல ஜோடு இருக்க, கிழிந்ததைத் தேடிப் போட்டுக்கொண்டு கச்சேரிக்கு வருவது எங்கள் சபாவில் பழக்கமாகிவிட்டது. லஸ் பக்கத்திலிருந்து ஒரு வக்கீல், தம் வீட்டு ஜோடுகளையெல்லாம் ஒரு கூடையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "இன்றைக்கு யார் பாட்டு?" என்று யாரோ கேட்டதற்கு, "அதை உள்ளே போய்த்தான் பார்க்கணும்" என்றார்.

பாய்க்கு மற்றவர்களுடைய கால்களைப் பற்றி நல்ல எண்ணம்தான் உண்டு. "மனுஷன் மொகத்த எப்டி வேணா வெச்சிக்கலாம் பாப்பா. காலு பாவம், நாள் பூரா நம்மளத் தூக்கிக்கினு அலையுது. அத்துக்கு ஒருத்தன் ஒழைக்கிறதுல இன்னா கொறச்சல்?" என்று ஒரு நாள் சொன்னார். பேசாத பெண் என்று எல்லோரும் என்னை விட்டுவிடுவார்கள். அவர் விடாமல் பேசுவார். பதிலை எதிர்பார்க்கவும் மாட்டார்.

இந்த மழைக்காலத்தில் அவருக்கு மார்ச்சளி கட்டியது. கடைசியாக வந்த கச்சேரியன்று, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு குழந்தையின் சின்ன பூட்ஸுக்குப் பித்தான் தைத்தார். அதற்கப்புறம் படுத்தவர் எழவில்லை.

செய்தி வந்த மூன்றாம் நாள் நானும் அம்மாவும் திருவல்லிக்கேணிக்குப் போனோம். குறுகலான சந்து. பாயின் மனைவி திரைக்கு உள்ளே இருந்தார். நாங்கள் உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். சற்று நேரத்தில் வெளியே காரியதரிசியின் குரல் கேட்டது. டாக்டரும் வந்திருந்தார்.

"அந்த இடத்தை வேற யாருக்கும் கொடுக்கிறதா இல்லை அம்மா. உங்க மாப்பிள்ளைக்கும் இதே தொழில்தானாமே. அவர் வரணும்" என்றார் காரியதரிசி.

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு திரைக்கு இந்தப் பக்கமிருந்தே நிதானமாகக் கேட்டார்: "அனுப்புறேங்க. ஆனா இவரும் அவர மாதிரிதான். கண்ணுல பட்டா கை போவும். காவலுக்கு மட்டும்னா வேணாம். இன்னொரு தபா என் வீட்டு ஆம்பள யாரும் அந்த வாசல்ல தலை குனிஞ்சு நிக்கக்கூடாது."



"கை போகணும்னுதாம்மா கூப்பிட வந்தேன்" என்றார் காரியதரிசி. "அன்னிக்கு நான் சொன்னதை அவர் மனசுல வெச்சிருந்தாரான்னு தெரியலை."

"வெச்சிக்கல. உங்க ஜோட்டுக்குக் குதிகால் மாத்தணும்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு" என்றார் மாமி.

நேற்று சனிக்கிழமை. யூசுப் முதல் தடவையாக வந்து உட்கார்ந்தார். எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் தயங்கினார். காரியதரிசி தம் ஜோட்டைக் கழற்றி அவர் எதிரில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

பாய், நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள். உங்கள் பேர் இந்த வாசலில் நல்லபடியாக இருக்கிறது. காரியதரிசி போனபோது உள்ளே சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். யூசுப் ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் போதவில்லை. என் நிழல்தான் மறைக்கிறது என்று தெரிந்தது. கூடையை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன்.