கியாமத் கதை என்று நான் நம்பிய புத்தகம்

என் மகளுக்கு இருபத்துநான்கு வயது. வேலூரில் அனிமேஷன் படித்தவள். ஆம்பூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து வெளிநாட்டு காமிக்ஸ் புத்தகங்களுக்குக் கலர் போடுகிறாள். படத்தை யாரோ வரைந்து அனுப்புவார்கள். வண்ணம் மட்டும் இவளுடையது.

அந்தப் புத்தகத்தின் அட்டைப் படத்தை முதலில் காட்டினாள். கடல் பிளந்து, மலை உயரத்துக்கு ஒரு ஜீவன் எழும்பி நிற்கிறது. வானம் கறுத்திருக்கிறது. எனக்கு மேனி சிலிர்த்தது. கியாமத் என்னும் கடைசி நாளுக்கு முன் பூமியிலிருந்து ஒரு மிருகம் வெளிப்படும் என்று பள்ளிவாசலில் ஹஜ்ரத் செய்யும் பயானில் கேட்டு வளர்ந்தவன் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துபோன எனக்கு வேறு எப்படித் தோன்றும்? கியாமத் அடையாளங்களைத்தான் வெள்ளைக்காரன் புத்தகமாகப் போடுகிறான் என்று முடிவுகட்டினேன். அவளைக் கேட்கக்கூட இல்லை.

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் என் தோஸ்திடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இன்னா பாய், கியாமத்துக்கே உங்க பொண்ணுதான் பெயிண்ட் அடிக்குதா? சீக்கிரம் முடிக்க வேணாம்னு சொல்லுங்க. எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணுங்களுக்குக் கல்யாணம் பாக்கி."

புத்தகம் பார்சலில் வந்த அன்று மகள் திருப்பத்தூரில் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். "பிரிக்காதீங்கப்பா, அது எனக்கு" என்று போனில் சொன்னாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். தோஸ்தை வீட்டுக்கு அழைத்து, அவர் எதிரிலேயே பிரித்தேன். மனைவி சாயா போட உள்ளே போயிருந்தாள்.

பாதிப் புத்தகத்துக்கு மேல் அந்தப் பக்கங்கள் வந்தன. ஒரு பெண். கடலிலிருந்து வந்த அது அவளை நாசம் செய்கிறது. எட்டுப் பக்கங்கள். அதற்கு மேல் எழுத என் கை வராது. தோஸ்த் இரண்டு பக்கம் பார்த்தார், மூடினார், செருப்பைத் தேடினார்.

"சாயா இன்னொரு நாளைக்கி குடிக்கிறேன் பாய். வர்றேன்."

அவர் போன பிறகு நான் மறுபடி திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. அந்தப் பெண்ணின் காயங்களைப் பார்த்தேன். ஓரம் வெளுத்து, உள்ளே இளஞ்சிவப்பு, ஈரம் மினுங்கியது. நான் சொல்லிக் கொடுத்த நிறம். முப்பது வருடமாகத் தொழிற்சாலையில் பதனிடாத பச்சைத் தோலைத் தரம் பிரிக்கிறவன் நான். முள்கம்பி கிழித்தது எது, கத்தி பட்டது எது என்று தடவியே சொல்வேன். மூன்று மாதத்துக்கு முன்னால் மகள் கேட்டிருந்தாள், "தோல் கிழிஞ்சா ஓரம் இன்னா கலர்ல இருக்கும்பா?" என் தொழிலையும் ஒருத்தி கேட்கிறாளே என்ற சந்தோஷத்தில், ஆட்டுத்தோல் துண்டுகளைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். எதற்கு என்று கேட்கவில்லை.

மறுநாள் அவள் வந்ததும் மாடிக்குப் போனேன்.

"பிரிக்காதீங்கன்னு சொன்னேன்ல?"

"இது இன்னாமா?"

"இந்த மாதிரி கதையில மனுசன் ஒண்ணுமே இல்லப்பா. ஆகாசத்துலேந்து வந்து கடலுக்கடியில கெடந்தது அது, அதுக்கு முன்னாடி நம்மல்லாம் தூசி. அந்த பயத்தக் காட்டத்தான்."

"ஆம்பளைங்களும் வர்றாங்கல்ல? அவங்களுக்கு இன்னா ஆவுது?"

"பைத்தியம் புடிக்குது. டைரி எழுதுறாங்க. சில பேரு செத்துடுறாங்க."

"எல்லாரும் தூசின்னா, இந்த ஒரு தூசிக்கு மட்டும் ஏன்மா இப்பிடி?"

அவள் புத்தகத்தை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தாள். அல்லாஹ்வின் முன் நாமும் ஒன்றுமில்லைதான். மண்ணிலிருந்து படைத்தான். ஆனால் மண்தானே என்று அவன் யாரையும் இப்படிப் போட்டு மிதிக்கவில்லையே. இதை எழுதியவன் மனிதன். பழியை மட்டும் ஆகாயத்தின் மேல் போட்டுவிட்டான்.

"அடுத்த பாகமும் உனக்குத்தானா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரின்னு சொல்லணும்."

"விட்டுடுமா."

"நான் விட்டா வேற ஒருத்தி பண்ணுவா. அந்த எட்டு பக்கம் மட்டும் வேணாம்னு கேட்டேன்ப்பா. அப்டின்னா புக்கே வேற ஆளுக்குப் போய்டும்னாங்க. ஆறு மாசம் அலைஞ்சி கெடச்ச வேலை. அழுதுனேதான் பண்ணேன்."

அவள் அழுத நாட்களில் நான் கீழே உட்கார்ந்து ஊருக்குப் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

அடுத்த பாகம் செய்ய முடியாது என்று வெள்ளிக்கிழமை எழுதிவிட்டாள். நல்ல வார்த்தையில் பதில் வந்தது. அதற்குப் பிறகு வேறு எந்தப் புத்தகமும் வரவில்லை. இப்போது ஒரு ஷூ கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை கேட்டிருக்கிறாள்.

அதை அவள் சொன்னபோது நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அவள் கம்ப்யூட்டரை மூடினாள்.

"நீங்க சொன்னீங்கன்னு விடலப்பா. எனக்கே முடியல. உங்க மரியாதைக்கோசரம் விட்டேன்னு யார்கிட்டயும் சொல்லினு இருக்காதீங்க."

நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.