பாடை இறக்கிய இடத்தில் ஒரு வாய்க்கால்

1. மடிப்பில் கிழிந்த படம்

பாசன அலுவலகத்தில் ஒர்க் இன்ஸ்பெக்டராக நான் போடிநாயக்கனூருக்கு வந்து சேர்ந்த அன்று எனக்குக் கொடுத்த முதல் வேலை, காணாமல் போன ஒரு வாய்க்காலைக் கண்டுபிடிப்பது. எழுபதுகளின் பின்பாதி அது. ஆள் காணாமல் போனால் போலீசுக்குப் போவார்கள். மாடு காணாமல் போனால், திரியும் மாடுகளைப் பிடித்து அடைக்கும் பவுண்டில் போய்ப் பார்ப்பார்கள். வாய்க்கால் காணாமல் போனால் எங்களிடம்தான் வரவேண்டும்.

குரங்கணி மலையடிவாரத்தில் ஓடையிலிருந்து பிரிந்து வந்த பழைய வாய்க்கால் அது. எப்போதோ ஒரு வெள்ளத்தில் அதன் தலைமடை உடைந்தது. யாரும் கட்டாமல் கிடந்தபோது மேலே இருந்த ஏலத்தோட்டக்காரர்கள் ஊற்றைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். தண்ணீர் நின்றதும் கீழே இருந்தவர்கள் வாய்க்காலைக் கொஞ்சம் கொஞ்சமாக உழுது நிலத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். இப்போது அடிவாரத்தில் புதிதாக ஒரு தடுப்பணை கட்டி முடித்திருந்தோம். தண்ணீர் தயார், அது போவதற்குத்தான் வழியில்லை.

மனுக் கொடுத்தவர் கடைமடையில் ஒன்றரை ஏக்கர் வைத்திருந்த ராமுத்தாய். கணவருக்கு இளைப்பு நோய், கிணறு வற்றிவிட்டது. விடிவதற்கு முன் ஜீப்பில் இருபது பேரோடு தொத்திக்கொண்டு மலைக்குப் போய் ஏலக்காய் எடுத்துத்தான் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். முன்பு இரண்டு முறை மனுக் கொடுத்து, வாய்க்கால் காணப்படவில்லை என்று இரண்டு முறையும் பதில் வாங்கியிருந்தார்.

"இந்தத் தடவையும் இல்லைன்னு எழுதிப்புட்டீகன்னா, நெலத்த வித்துட்டு மலையில தோட்டக் கூலிக லயத்துல போயிக் கெடக்க வேண்டியதுதான் சார்" என்று என்னிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோல்தான் சொன்னார்.

எங்களிடம் அந்த வாய்க்காலுக்கு ஒரு பழைய படம் இருந்தது. அடிவாரத்தில் நீலக் கோடாகத் தொடங்கி நன்றாகத்தான் வந்தது. நாலாக மடித்து வைத்ததில் மடிப்பு இற்று, குறுக்கே நாலு விரல் அகலத்துக்குத் தாள் இல்லை. மடிப்புக்கு மேலே வாய்க்கால் இருந்தது. கீழே ராமுத்தாயின் நிலத்தருகே மறுபடியும் இருந்தது. நடுவில் ஒரு ஊரையே காணோம். நகல் கேட்டு இன்னோர் அலுவலகத்துக்கு எழுதினோம். அசல் தங்களிடம் இருப்பதால் தாங்களே ஒரு நகல் எடுத்து அனுப்பி உதவவும் என்று பதில் வந்தது.

எங்கள் உதவிப் பொறியாளர், ஏ.இ., வெயிலில் இறங்காத மனிதர், ஆனால் தெளிவானவர். "மார்ச்சுக்குள்ள எஸ்டிமேட் போகணும். இருந்தா இருக்குன்னு எழுதுங்க, இல்லைன்னா இல்லைன்னு எழுதுங்க. தேடிக்கிட்டு இருக்கேன்னு எழுதுறதுக்கு ஃபாரம் கிடையாது" என்றார்.

2. ஆகாயத்தில் போன வாய்க்கால்

மடிப்பில் காணாமல் போன அந்த ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கும் செயின்மேன் சீனியைக் கூட்டிக்கொண்டு போனேன். சீனி ராசிங்காபுரத்துக்காரர், என் வயதுதான். சங்கிலி இழுப்பதில் அவருக்கு நிகர் கிடையாது. கேட்காமல் வாய் திறப்பதும் கிடையாது.

ஏழு பேரிடம் வாக்குமூலம் வாங்கினேன். வாய்க்கால் இருந்தது என்பதில் ஏழு பேருக்கும் சந்தேகமே இல்லை. அதில் குளித்ததையும் அயிரை மீன் பிடித்ததையும் அக்கரைக்குத் தாண்டமுடியாமல் விழுந்ததையும் மணிக்கணக்கில் சொன்னார்கள். எங்கே போயிற்று என்று கேட்டால் மட்டும் ஒவ்வொருவர் கையும் அடுத்தவர் நிலத்தைக் காட்டியது. அந்த அடுத்தவர் இன்னும் அடுத்தவரைக் காட்டினார். எல்லாவற்றையும் டிரேசிங் ஷீட்டில் போட்டுப் பார்த்தேன். ஏழு பேரும் சொன்னது உண்மையானால் வாய்க்கால் ஆகாயத்தில்தான் போயிருக்க வேண்டும்.

தப்பு என்னுடையது. ஒரு கையில் படமும் ஒரு கையில் சங்கிலியுமாக நின்று கேட்டால் யாருக்கு ஞாபகம் வரும்? நானாக இருந்தாலும் மறந்திருப்பேன்.

எங்களை அதிகம் உபசரித்தவர் வீரணன். வெயிலில் நின்றால் ஆள் அனுப்பிக் கூப்பிட்டு மோர் கொடுப்பார். மத்தியானம் சாப்பிடாமல் விடமாட்டார். ஊரிலேயே செழிப்பான இலவ மரங்கள் அவருடையவை. வயலுக்கு நடுவே நீளவாக்கில் ஒரே வரிசையாக, லேசாக வளைந்து போயின. வாய்க்கால் வண்டலில் நட்டால் அப்படித்தான் வளரும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதையெல்லாம் எஸ்டிமேட்டில் எழுத முடியாது.

தன் நிலத்தில் எந்தக் காலத்திலும் வாய்க்கால் கிடையாது என்று வீரணன் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். வேண்டுமானால் அய்யாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று உள்ளே கட்டிலைக் காட்டினார். அவருடைய அப்பாவான அந்த அய்யாவுக்குப் பக்கவாதத்தில் பேச்சுப் போய் மூன்று வருடமாகியிருந்தது.

3. கேதம்

பிப்ரவரி கடைசியில் அந்த அய்யா இறந்துபோனார். வீரணன் எங்களுக்கும் ஆள்விட்டுக் கேதம் சொன்னார். சாவுச் சேதியைக் கேதம் என்றுதான் அந்தப் பக்கம் சொல்வார்கள். ஒருவரை வேற்றாளாக நினைத்தால் கேதம் சொல்லமாட்டார்கள். அவர் வீட்டுச் சோற்றைத் தின்றிருக்கிறோம், போகாமல் இருக்க முடியுமா? மாலை வாங்கிக்கொண்டு நானும் சீனியும் போனோம்.

சுடுகாட்டுக்கு வண்டிப்பாதையில் போகவேண்டும். கொட்டு முன்னே போக, பாடை பின்னால் வந்தது. வீரணனின் இலவ மர வரிசை பாதையை நெருங்கும் இடத்தில் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். கொட்டு நின்றது. ஒரு மேடு பள்ளம் இல்லாத, சப்பென்று கிடந்த கட்டாந்தரை அது. அங்கே பாடையை இறக்கினார்கள். கூட வந்த பெண்கள் அதோடு நின்று, அழுதபடி திரும்பினார்கள். கொள்ளிச்சட்டியோடு வீரணன் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு தலைமாடு கால்மாடு மாற்றிப் பாடையைத் தூக்கினார்கள். தூக்கிய நாலு பேரும் முதல் எட்டை மட்டும் அகலமாக எடுத்து வைத்தார்கள்.

எதற்கு என்று சீனியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"வாய்க்காலத் தாண்டுறாக சார்" என்றார் சீனி. "தண்ணியத் தாண்டுறப்ப தலைய மாத்திரணும். இல்லாட்டி செத்தவுக வந்த வழிய அடையாளம் வச்சு வீட்டுக்குத் திரும்பிருவாக. எங்க ஊர்லயும் இப்பிடித்தான்."

இரண்டு மாதமாக என்னோடு சங்கிலி இழுத்தவர் இதை ஏன் முன்னமே சொல்லவில்லை என்று பார்த்தேன். நான் கேட்கவில்லையே.

வாய்க்கால் தன் நிலத்தில் இல்லை, அடுத்தவர் நிலத்தில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட ஏழு பேரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஏழு பேரும் அந்த அகல எட்டை வைத்துத்தான் போனார்கள். ஊரே கூடி மறைத்த வாய்க்காலைச் சாவு விஷயத்தில் மறைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்த இடத்தில் நான் கண்கலங்கினேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் நான் கடைசி இலவ மரத்திலிருந்து அந்த இடத்துக்கு எத்தனை எட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று.

4. சோதனைக் குழி

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை காத்திருந்தோம். அவ்வளவு நாகரிகம் எங்களுக்கும் இருந்தது. மறுநாள் நாலு ஆட்களை வைத்து அந்த இடத்தில் சோதனைக் குழி போட்டேன். இரண்டடியில் பருமணல் வந்தது. மூன்றடியில் மடைக்கல் வந்தது, பலகை இறக்கும் காடி செதுக்கியபடியே. ராமுத்தாய் அன்று மலைக்குப் போகாமல் வந்து குழியோரம் உட்கார்ந்திருந்தார். கல்லைப் பார்த்ததும் முந்தானையால் அதன் மண்ணைத் துடைத்தார்.

வீரணன் பங்காளிகளோடு வந்து சேர்ந்தார். மொட்டைத் தலையில் இன்னும் முடி சரியாக வளரவில்லை. இது பழைய கிணற்றுக் கல் என்று ஒருவர் சொன்னார். கோயில் கல் என்றார் இன்னொருவர். வீரணன் குழியோரம் குனிந்து கல்லின் காடியைப் பார்த்தார். அவர் கிணற்றுக் கல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கோர்ட்டு கேஸ் என்று பத்து வருடம் இழுத்துவிடலாம். ராமுத்தாய் அதற்குள் நிலத்தை விற்றிருப்பார். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"கெணறுன்னு சொன்னா எங்கய்யாவச் சும்மா கெடந்த தரையில வச்சுத் திருப்புனேன்னு ஆகிப்போகும்" என்றார் வீரணன் பங்காளிகளிடம். "அப்ப அவரு எங்கிட்டுப் போயிருப்பாரு? வாய்க்கா இருந்துச்சுன்னே எழுதிக்கங்க சார்."

கையெழுத்துப் போட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்தார். "கேதத்துக்கு வந்தவரு கேதத்துக்கு மட்டும் வந்திருக்கணும்" என்றார். அன்றைக்கு எங்களுக்கு மோர் வரவில்லை.

ரிப்போர்ட்டில் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதினேன். பிணம் போனதையெல்லாம் ஆதாரமாக இணைக்க முடியாது என்று ஏ.இ. அதை அடித்துவிட்டு, 'விரிவான கள ஆய்வின் மூலம்' என்று எழுதினார். அதற்காக அவருக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் வந்தது.

வீரணனின் இலவ மரங்களில் பன்னிரண்டை வெட்டி, ஆறடி அகலத்தில் வாய்க்காலைத் தோண்டினோம். ஐப்பசி மழைக்குத் தடுப்பணை நிரம்பித் தண்ணீர் விட்டபோது சைக்கிளில் அதன் கூடவே வந்தேன். கடைமடைக்கு வந்துசேரப் பொழுது சாய்ந்துவிட்டது. ராமுத்தாய் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, இத்தனை வருஷம் எங்கே போய்த் தொலைந்தாய் என்று அதை வாய்விட்டுத் திட்டினார். என் முப்பது வருட வேலையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேறொரு நாள் வீடு திரும்பியதில்லை.

5. வராத சேதி

அதற்குப் பிறகு ஐந்தாறு வருடம் அதே பகுதியில்தான் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை வரும், காதுகுத்துக்குச் சொல்லுவார்கள். கேதம் மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. யாருமே சாகவில்லையோ என்று முதலில் நினைத்தேன். பிறகு டீக்கடையில் பேச்சுவாக்கில் தெரியவரும், இன்னார் போய் ஒரு மாதமாயிற்று என்று. எல்லா ஊரிலும் ஏதோ ஒரு வாய்க்கால் காணாமல் போயிருந்தது.

ராமுத்தாய் வீட்டில் நான் மாதம் ஒருமுறையாவது காப்பி குடிப்பேன். அவர் ஜீப் ஏறுவதை விட்டிருந்தார். அவருடைய கணவர் இறந்ததை நான் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஒரு வாரமாகியிருந்தது. மனம் ஆறவில்லை. நேரே இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்து போனேன். ஊரார் சொல்லாதது சரி, நீங்களுமா என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வந்திருந்தீகன்னா அழுதிருப்பீக சார், அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா அளந்தும் இருப்பீக" என்றார்.

வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் பாடம் என்ன என்று கேட்பார்கள். வாய்க்காலைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் படத்தைப் பார்க்காதீர்கள், சனங்கள் எங்கே நின்று எங்கே எட்டு வைக்கிறார்கள் என்று பாருங்கள் என்று சொல்லுவேன். அதற்கு என்ன விலை என்பதையும் சொல்லிவிடுவேன்.

ராமுத்தாய் சொன்னது சரிதான். அன்று கரையில் வரும்போதே பார்த்துவிட்டேன். நாங்கள் ஆறடியாகத் தோண்டிய வாய்க்கால் அவர் நிலத்தை ஒட்டி நாலடிதான் இருந்தது. மீதி இரண்டடியில் வாழை நின்றது. அந்த அளவை நான் எங்கும் எழுதவில்லை, வாழையை வெட்டச் சொல்லவும் இல்லை. வீரணன் வெட்டக் கொடுத்த பன்னிரண்டு மரங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.